போட்ட குளோரின் எங்கே போகிறது?

வீட்டில் புதிதாக நீச்சல் குளம் கட்டியவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "வாரத்துக்கு எத்தனை கிராம் குளோரின் போட வேண்டும்?" இதற்கு யோசிக்காமல் ஓர் எண்ணைச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு. அந்த எண்ணை நம்பிய குளங்கள் வெயில் ஏறியதும் பச்சையாகிவிடுகின்றன. குளத்தில் இருக்கும் குளோரின் சட்டைப்பையில் வைத்த கைச்செலவுப் பணம் மாதிரி. ஒன்றுமே வாங்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்போம். மாலையில் பார்த்தால் பாதி இருக்காது. எவ்வளவு போட்டோம் என்ற கணக்கு மட்டும் நமக்கு உதவாது. எந்த வழியில் செலவாகிறது என்று தெரிந்தால், எவ்வளவு போட வேண்டும் என்பது தானாகவே பிடிபட்டுவிடும்.

முதலில் அந்த நெடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குளத்தருகே போனதும் மூக்கைத் துளைக்கும் ஒரு நெடி வந்தால், "குளோரினை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள்" என்று சொல்வது வழக்கம். நானும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை கிட்டத்தட்ட நேர்மாறானது. சரியான அளவு குளோரினும் சுத்தமான நீரும் உள்ள குளத்தில் நெடி அனேகமாகத் தெரியவே தெரியாது. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள அம்மோனியா, யூரியா போன்றவற்றோடு குளோரின் சேரும்போது குளோரமின்கள் என்ற சேர்மங்கள் உண்டாகின்றன. மூக்கில் ஏறுவது அவைதான். குளித்து வந்தபின் கண் சிவப்பதற்கும் பெரும்பாலும் அவையே காரணம். ஆகவே நெடி தூக்கலாக இருக்கும் குளத்தில், வேலை செய்யக்கூடிய குளோரின் தீர்ந்துபோயிருக்கவே வாய்ப்பு அதிகம்.

தனி, கூட்டு, மொத்தம்

இங்கிருந்துதான் மூன்று சொற்கள் பிறக்கின்றன. எதனோடும் சேராமல், கிருமியைக் கொல்லத் தயாராக இருப்பது தனிக் குளோரின். அழுக்கோடு சேர்ந்து குளோரமினாக மாறிவிட்டது கூட்டுக் குளோரின். இரண்டையும் சேர்த்தால் மொத்தக் குளோரின். கூட்டுக் குளோரினுக்கும் கிருமியைக் கொல்லும் சக்தி கொஞ்சம் உண்டு. ஆனால் அது மிக மெதுவாக வேலை செய்யும். அதை நம்பிக் குழந்தைகளைக் குளத்தில் இறக்க முடியாது.

மலிவான சில சோதனைப் பெட்டிகளில் துளி விட்டதும் நீர் மஞ்சளாகும். அவை மொத்தக் குளோரினை மட்டுமே காட்டும். மொத்தம் 2 என்று வந்தால் அதில் தனி எவ்வளவு, கூட்டு எவ்வளவு என்று அறிய வழியில்லை. டி.பி.டி. என்ற வேதிப்பொருளைக் கொண்ட சோதனையில் நீர் இளஞ்சிவப்பாகும். அதில் தனிக் குளோரினை ஒரு தடவையும் மொத்தக் குளோரினை இன்னொரு தடவையும் அளந்து, கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். குளத்துக்கு வேறு எதை வாங்காவிட்டாலும் இதை வாங்கிவிடுங்கள் என்பேன்.

அளவை பிபிஎம்மில் சொல்வார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நமக்கு வசதியாக, 1,000 லிட்டர் நீரில் 1 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் குளத்தில் தனிக் குளோரின் 1-க்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. பொதுவாக 1 முதல் 3 வரை என்பார்கள். வெயிலில் குளோரின் அழியாமல் காக்கும் சயனூரிக் அமிலம் கலந்த குளத்தில் குறைந்தது 2 வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். கூட்டுக் குளோரின் 0.4-ஐத் தாண்டினால் ஏதாவது செய்தாக வேண்டும்.

சோதனைக்கு நீர் எடுக்கும் இடமும் முக்கியம். மேல்மட்டத்திலும், பம்பிலிருந்து நீர் திரும்பி வரும் துளையருகிலும் எடுக்க வேண்டாம். குப்பியைக் கவிழ்த்துப் பிடித்து, முழங்கை மூழ்கும் ஆழம்வரை இறக்கி, அங்கே நிமிர்த்தி நிரப்ப வேண்டும்.

அதே குளோரின், பாதி வேலை

குளோரினை எந்த வடிவில் போட்டாலும், நீரில் அது இரண்டு உருவங்களில் இருக்கும். ஒன்று ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றொன்று ஹைப்போகுளோரைட் அயனி. கிருமிகளின் மேலுறையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போவதில் முன்னது கெட்டி. மின்னூட்டம் கொண்ட பின்னது அந்த வாசலிலேயே திணறும். சோதனைக் குப்பிக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் தனிக் குளோரின் என்றே காட்டும்.

எது எவ்வளவு என்பதை முடிவுசெய்வது நீரின் பி.எச்., அதாவது அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு. பி.எச். 7.5-இல் இரண்டும் ஏறக்குறைய சரிபாதி. 7.2-க்கு இறங்கினால் மூன்றில் இரண்டு பங்கு வீரியமான உருவில் இருக்கும். 8-க்கு ஏறினால் கால் பங்குதான் மிஞ்சும். குளோரின் 3 இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கும்போதே நீர் மங்கத் தொடங்குவது இப்படித்தான். சயனூரிக் அமிலம் உள்ள குளத்தில் இந்த ஏற்ற இறக்கம் இவ்வளவு கூர்மையாக இருக்காது. ஆனாலும் பி.எச். 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருப்பது கண்ணுக்கும் தோலுக்கும் குழாய்களுக்கும் நல்லது. புதிதாகப் பழகுபவர்கள் குளோரினுக்கு முன்னால் பி.எச்.-ஐச் சரிசெய்யப் பழகிக்கொண்டால் பாதித் தலைவலி குறையும்.

வெயிலுக்கு ஒரு குடை

திறந்தவெளிக் குளத்தில் குளோரினைத் தின்பதில் முதலிடம் வெயிலுக்குத்தான். சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்கள் ஹைப்போகுளோரைட்டை உடைத்துச் சாதாரண உப்பின் குளோரைடாக ஆக்கிவிடும். பாதுகாப்பு எதுவும் இல்லாத நீரில், உச்சி வெயிலில், போட்டதில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்தில் போய்விடும். காலையில் போட்டுவிட்டு மாலையில் அளந்து, சுழியம் என்று கண்டு, "மருந்து போலி" என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். மருந்து நல்லதாகத்தான் இருந்திருக்கும். போட்ட நேரம்தான் தவறு. குளோரினைச் சூரியன் மறைந்தபின் போடுங்கள், பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது போடுங்கள். இரவு முழுவதும் அது கிருமியையும் பாசியையும் மட்டும் கவனிக்கும்.

வெயிலுக்குக் குடையாக வருவதுதான் சயனூரிக் அமிலம். ஸ்டெபிலைசர் என்ற பெயரில் விற்பார்கள். இது குளோரினைத் தளர்வாகப் பிடித்துவைத்துக்கொண்டு, தேவைப்படத் தேவைப்படச் சிறிது சிறிதாக விடும். பிடியில் இருக்கும்வரை வெயில் அதை அவ்வளவு எளிதாக உடைக்க முடியாது. 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் போதும். கூரைக்குக் கீழே உள்ள குளத்துக்கு இது தேவையே இல்லை.

ஆனால் குடை பெரிதாகப் பெரிதாக அதன் கீழ் இருப்பவர் வெளியே வர மறுப்பார். சயனூரிக் அமிலம் ஏறினால் குளோரினின் வேகம் குறையும். சோதனையோ பிடியில் இருப்பதையும் சேர்த்தே தனிக் குளோரின் என்று சொல்லும். வீட்டுக் குளம் பராமரிப்பவர்கள் பலர் கையாளும் கணக்கு இது: சயனூரிக் அமிலம் எவ்வளவோ, அதில் 7.5 சதவீதமாவது தனிக் குளோரின் இருக்க வேண்டும். 40 இருந்தால் 3 போதும். 100-க்கு ஏறிவிட்டால் 7.5 வேண்டும். அதே பாசியை அடக்க, அதே குளத்துக்கு, இரண்டரை மடங்கு.

அது எப்படி 100-க்கு ஏறும் என்று கேட்கலாம். மாத்திரையால்தான். ட்ரைகுளோர் என்று அழைக்கப்படும் வெள்ளை வில்லைகளை மிதக்கும் டப்பாவில் போட்டுவிட்டால் பல நாட்கள் கரைந்துகொண்டிருக்கும். வசதியில் அதை மிஞ்ச ஒன்றுமில்லை. அதில் 90 சதவீதம் குளோரின் கிடைக்கும். கூடவே சயனூரிக் அமிலமும் வரும். 10 பிபிஎம் குளோரின் போட்டால் சுமார் 6 பிபிஎம் சயனூரிக் அமிலம் ஒட்டிக்கொண்டு வரும். நாளுக்கு 2 பிபிஎம் செலவாகும் குளத்தில் மாதத்துக்கு 60 பிபிஎம் குளோரின் போடுவோம். அப்படியானால் சயனூரிக் அமிலம் மாதத்துக்கு 36 கூடும். குளோரின் செலவாகிவிடும், இது செலவாகாது, ஆவியாகாது, நீரிலேயே தங்கும். மூன்று மாதத்தில் 100-ஐத் தாண்டிவிடும். அதைக் குறைக்க வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான வழி, குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புது நீர் விடுவதுதான். மாத்திரையை நான் வெறுப்பவன் அல்லன். ஊருக்குப் போகும் வாரத்துக்கு அதைப்போல் உதவியான பொருள் கிடையாது. ஆண்டு முழுவதும் அதை மட்டுமே நம்பியிருப்பதுதான் வினை.

மற்றவற்றுக்கு வேறு குணங்கள். கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் பெரும்பாலும் 65 முதல் 70 சதவீதம்; சயனூரிக் அமிலம் சேர்க்காது, ஆனால் நீரின் கடினத்தன்மையைக் கூட்டும். திரவக் குளோரின், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், 10 முதல் 12 சதவீதம். மிச்சம் வைப்பது கொஞ்சம் உப்பை மட்டும்தான். குறை என்னவென்றால், கேனில் இருக்கும்போதே வீரியம் இழக்கும். வெப்பத்தில் வைத்தால் இன்னும் வேகமாக. நிழலில் வைத்து, சில வாரங்களுக்கு வேண்டியதை மட்டும் வாங்குவது நல்லது. "எங்கள் குளத்தில் குளோரினே இல்லை, உப்புதான்" என்று பெருமையாகச் சொல்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் கருவி அந்த உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரினைத்தான் தயாரித்துக்கொண்டிருக்கிறது. நீங்களும் அளக்கத்தான் வேண்டும்.

கிராம் கணக்கு

குளத்தின் நீளம் 8 மீட்டர், அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 1.25 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். 1 பிபிஎம் ஏற்ற 40 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீதத் தூளாக இருந்தால் 40-ஐ 0.65-ஆல் வகுக்க வேண்டும். சுமார் 62 கிராம் வரும். 10 சதவீதத் திரவமாக இருந்தால் 400 மில்லி. அளவு 1-இல் இருந்து 3-க்குப் போக வேண்டுமென்றால் இவற்றின் இரண்டு மடங்கு. உங்கள் குளத்துக்கு இந்த ஓர் எண்ணைக் கணக்கிட்டு, மருந்து வைக்கும் அலமாரிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவிடுங்கள். அதன்பின் "ஒரு குத்து, இரண்டு குத்து" என்ற பேச்சு இருக்காது.

கணக்கு தெரிந்தும் நான் ஒரு தடவை ஏமாந்தேன். மழை விட்ட மறுநாள் காலையில் நீரைச் சோதித்தேன். டி.பி.டி. போட்ட கணத்தில் குப்பியின் அடியில் ஒரு சிவப்புப் புகை எழுந்தது போலிருந்தது. குலுக்குவதற்குள் மறைந்துவிட்டது. நீர் கண்ணாடிபோல் நிற்கிறது. சுழியம் என்று எடுத்துக்கொண்டு கால் கிலோ தூள் போட்டேன். மாலையிலும் அதே நிறமில்லாத நீர். இன்னும் கால் கிலோ. மறுநாள் குளத்தோரம் காயப்போட்டிருந்த நீலத் துண்டில் நீர் தெறித்த இடங்களெல்லாம் வெளுத்துப் புள்ளி புள்ளியாக நின்றன. அப்போதுதான் உறைத்தது. மழைக்குப் பயந்து முன்னிரவே வீட்டில் இன்னொருவரும் தாராளமாகப் போட்டிருக்கிறார்.

நடந்தது இதுதான். குளோரின் மிக அதிகமாக இருந்தால் டி.பி.டி.யின் இளஞ்சிவப்பு நிறத்தை அது தானே வெளுத்துவிடும். பார்ப்பவருக்குச் சுழியம் போலத் தெரியும். ஒரு கணம் மின்னி மறையும் சிவப்பைக் கண்டால் சந்தேகப்படுங்கள். ஒரு பங்கு குளத்து நீரில் நான்கு பங்கு காய்ச்சி வடித்த நீரைக் கலந்து மீண்டும் சோதித்து, வரும் அளவை 5-ஆல் பெருக்கிப் பாருங்கள். அந்த நிலையில் பி.எச். சோதனையையும் நம்பக் கூடாது. அதற்குப் பயன்படும் ஃபீனால் ரெட் துளிகள் மிகுந்த குளோரினில் ஊதாவாக மாறி, பி.எச். உயர்ந்துவிட்டதாகப் பொய் சொல்லும். என் குளம் இறங்க நான்கு நாள் வெயில் பிடித்தது. அவசரமாகக் குறைக்க வேண்டுமென்றால் சோடியம் தயோசல்ஃபேட் இருக்கிறது; ஆனால் கை தவறிக் கூடிவிட்டால், அடுத்துப் போடும் குளோரினையும் அது விழுங்கிவிடும். வெயிலே போதும் என்று விட்டுவிட்டேன்.

குளோரமின் சேர்ந்துவிட்டால்

கூட்டுக் குளோரினை உடைக்க இன்னும் அதிகக் குளோரின்தான் மருந்து. நெடி அடிக்கிறது என்று குளோரினைக் குறைப்பவர் அதை இன்னும் மோசமாக்குகிறார். வழக்கமான கணக்கு, கூட்டுக் குளோரினைப்போல் 10 மடங்கு. 0.6 இருந்தால் 6 பிபிஎம்; நம் உதாரணக் குளத்தில் 65 சதவீதத் தூளாகச் சுமார் 370 கிராம். இதைத் தவணை முறையில் போட்டால் பயனில்லை. ஒரே மாலையில் போட்டு, மூடி இருந்தால் அதை விலக்கி, பம்பை ஓடவிட வேண்டும். வெளியேறும் வாயு காற்றில் கலக்க இடம் வேண்டுமல்லவா? குளோரின் 4-க்கு இறங்கும்வரை யாரும் இறங்கக் கூடாது.

இதைவிட எளிய வழி, குளத்தில் இறங்குமுன் ஒரு நிமிடம் குளித்துவிட்டு வருவது. உடம்பில் ஒட்டியிருக்கும் வியர்வையும் களிம்பும் நீருக்குள் வராவிட்டால் குளோரினுக்கு அங்கே செலவில்லை. சிறு பிள்ளைகளை மணிக்கொருமுறை கழிப்பறைக்கு அழைத்துப்போவதும் இதில் சேர்த்தி. வயிற்றுப்போக்கு உள்ளவரை மட்டும் எக்காரணம் கொண்டும் இறக்காதீர்கள். 1 பிபிஎம் குளோரினில் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒரு நிமிடத்துக்குள் செத்துவிடும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியோ பத்து நாள் வரை தாக்குப்பிடிக்கும்.

தலைமுடி பச்சையாவதற்கும் குளோரினைத்தான் திட்டுவார்கள். அந்தப் பழி நீரில் கரைந்த செம்புக்கு உரியது. பாசிக்கொல்லியிலிருந்தோ குழாயிலிருந்தோ வந்திருக்கும்.

அலமாரியில் எது எதன் பக்கத்தில்

இதை வேகமாகப் படித்துத் தாண்டிவிட வேண்டாம். தூளும் மாத்திரையும் இரண்டும் குளோரின்தானே என்று ஒரே வாளியிலோ ஒரே மிதவை டப்பாவிலோ போட்டுவிடக் கூடாது. கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் ட்ரைகுளோரும் ஒன்றையொன்று தொட்டால், கொஞ்சம் ஈரம் இருந்தாலே, தீப்பற்றலாம், வெடிக்கலாம். ஒன்றுக்குப் பயன்படுத்திய அளவுக் கரண்டியை மற்றதற்குள் விடுவதும் ஆபத்து. பி.எச்.-ஐ இறக்கப் பயன்படும் அமிலத்தைக் குளோரினோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே போர்முனையில் ஜெர்மானியர் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். இரண்டையும் போட வேண்டிய நாளில், ஒன்றைப் போட்டு, நீர் நன்றாகச் சுழன்று கலந்தபின் மற்றதைப் போடுங்கள். தூளைக் கரைக்கும்போது வாளியில் முதலில் நீர், பிறகு தூள். தூளின் மேல் நீரை ஊற்றக் கூடாது. காற்று வரும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள்.

இரவுச் சோதனை

குளோரின் வேகமாகக் குறைகிறது, காரணம் வெயிலா, உள்ளே வளரும் பாசியா என்று தெரியவில்லை என்றால் ஓர் எளிய வழி உண்டு. சூரியன் மறைந்து, போட்ட மருந்து நன்றாகக் கலந்தபின் தனிக் குளோரினை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் குளத்தின்மேல் வெயில் விழுவதற்கு முன் மீண்டும் அளந்து பாருங்கள். இரவில் வெயில் இல்லை, குளிப்பவரும் இல்லை. இருந்தும் 1 பிபிஎம்முக்கு மேல் குறைந்திருந்தால், நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதற்குள் ஏதோ வளர்ந்துகொண்டிருக்கிறது. ஏணிக்குப் பின்புறம், விளக்கின் விளிம்பு, மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரின் உட்சுவர் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள், வழுவழுப்பு தட்டுப்படும். தேய்த்துவிட்டு, குளோரினை உயர்த்தி, அடுத்த இரவும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். இரவில் குறையாமல் பகலில் மட்டும் குறைகிறது என்றால் பாசிக்கொல்லியைத் தேடி அலைய வேண்டாம். சயனூரிக் அமிலத்தை அளந்து பாருங்கள். 30-க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் கூட்டினால் போதும்.